சும்மா வந்தது எதுவுமில்லை

அக்கா மகன் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் நாளில் நானும் போய்விடுவேன். ஏலம் முடிந்து, எடை போட்டு, சீட்டு வாங்கி அவன் வெளியே வருவதற்குள் வெயில் ஏறிவிடும். பக்கத்து டீக்கடையில் ஆளுக்கொரு டீ, ஒரு வடை. அவன் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் கணக்கு எழுதுவான். இளம்புழு வாங்கியது இவ்வளவு, மல்பெரிக்கு உரம் இவ்வளவு, தழை வெட்டிய ஆளுக்குக் கூலி, வண்டி வாடகை. வந்த பணத்தில் இதையெல்லாம் கழித்து, அடியில் ஒரு கோடு இழுத்து, மிச்சத்தை வட்டமிடுவான். அந்த வட்டத்தைப் பார்க்கும்போது முகத்தில் ஒரு தெளிவு வரும்.

அன்றைக்கும் வட்டமிட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினான். கடைச் சுவரில் ராஜா காலத்துப் படம் ஒன்றின் போஸ்டர். குதிரை, வாள், பின்னால் கோட்டை.

“மாமா, இந்த மாதிரிப் படத்துக்கெல்லாம் நூறு கோடி, ஐந்நூறு கோடிங்கறாங்களே. நாலு குதிரையும், அட்டையில செஞ்ச கோட்டையும்தான? அவ்ளோ காசு எங்க போவுது?”

கேட்க வேண்டிய கேள்விதான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ‘பொன்னியின் செல்வன்’ படத்தையே எடுத்துக்கொண்டேன். கதை எல்லோருக்கும் தெரியும். படம் எடுத்த கதையும் பெரும்பாலும் வெளியில் பேசப்பட்டதுதான். இரண்டு பாகத்துக்கும் சேர்த்து ஐந்நூறு கோடி என்றுதான் பத்திரிகைகளும் எழுதின.

முதலில் நம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தொடங்கினேன். இன்றைய கதை ஒன்றை அங்கே படமாக்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அனுமதி வாங்கிக் கேமராவை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. பென்னாகரம் பஸ் தானாகத் திரும்பும். பூக்காரம்மா முழம் போடுவார். கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவுவார். டீக்கடை, பெயர்ப்பலகை, புழுதி, ஹாரன் சத்தம் எல்லாம் இயக்குநருக்குச் சும்மா கிடைக்கும். காலம் தானாக வந்து ஃப்ரேமில் உட்கார்ந்துகொள்ளும்.

அதே இடத்தில் பத்தாம் நூற்றாண்டைக் காட்ட வேண்டுமென்றால், சும்மா கிடைத்த அத்தனையும் இடைஞ்சலாகிவிடும். மின்கம்பம் கூடாது, தார்ச்சாலை கூடாது, பிளாஸ்டிக் கூடாது. ஊரைவிட்டு வெளியே போனாலும் தப்பிக்க முடியாது. சீமைக் கருவேலம் நிற்கும். அது வேறு கண்டத்து மரம். யூகலிப்டஸும் அப்படித்தான். தரையெங்கும் பார்த்தீனியம், அது போன நூற்றாண்டில் வந்தது. சோழர் காலத்து அடுப்படியில் பாலக்கோட்டுத் தக்காளி இருக்க முடியாது, மிளகாயும் இருக்க முடியாது. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். போர்ச்சுக்கீசியர் வந்த பிறகே நம் அம்மியில் மிளகாய் அரைபட்டது. அதுவரை காரத்துக்கு மிளகுதான்.

“மிளகாய் இல்லாம கொழம்பா?” என்று அவன் வியந்தான். அந்த வியப்புதான் கலை இயக்குநரின் ஒவ்வொரு நாளும். கண்ணுக்கு இயல்பாகத் தெரிவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட வேண்டும். கூடாததை அகற்ற ஒரு செலவு, வேண்டியதை உண்டாக்க இன்னொரு செலவு. காலப் படத்தின் ஃப்ரேமில் எதுவும் சும்மா வருவதில்லை. செலவின் ரகசியம் முழுக்க இந்த ஒன்றில் அடங்கிவிடும்.

பேச்சுக்கும் இதே சிக்கல் உண்டு. ‘சன்னலைச் சாத்து’ என்று சோழ இளவரசி சொல்ல முடியாது. சன்னல், சாவி, அலமாரி மூன்றும் போர்ச்சுக்கீசியரோடு வந்த சொற்கள். ‘படை தயார்’ என்று தளபதி சொல்ல முடியாது. ‘தயார்’ உருது வழியாக வந்தது. அதற்காகக் கல்வெட்டுத் தமிழில் பேசவைத்தால் தியேட்டரில் ஒருவருக்கும் புரியாது. இன்றைய காதுக்கு எட்டவும் வேண்டும், இன்றைய வாடை அடிக்கவும் கூடாது. அந்த வசனங்களை எழுதியவர் ஜெயமோகன். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தபடி தொண்ணூறுகளில் நம் தருமபுரியில் வாழ்ந்தவர். எழுத்தாளரின் மேசையில் விழும் இந்த உழைப்பு போஸ்டரில் தெரியாது. ஆனால் படம் முழுக்க நம் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, கதை தொடங்கும் இடத்தைப் பார்க்கச் சொன்னேன். கல்கி தன் இதழில் 1950 அக்டோபரில் ‘பொன்னியின் செல்வன்’ தொடரை ஆரம்பித்தார்; 1954 வரை ஓடியது. ஆடிப்பெருக்கு நாள், வீராணம் ஏரிக்கரை, குதிரையில் தனியாக வரும் வாலிபன். அங்கேதான் கதை விரிகிறது. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் முழுக்குப் போடும் நமக்கு அந்த நாளின் மணம் தெரியும். கல்கிக்கு அந்தக் காட்சிக்கு ஆன செலவு பேனாவும் காகிதமும். கூடவே மணியத்தின் ஓவியம்.

அதையே படமாக்க என்னென்ன வேண்டும்? கரை நெடுகக் கம்பமோ கட்டடமோ தெரியாத நீர்நிலை. சவாரிக்குப் பழகிய குதிரை, அது களைத்தால் அதே நிறத்தில் இன்னொன்று. குதிரைக்காரர், கால்நடை மருத்துவர், விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி. கரையில் ஆடிப்பெருக்குக் கூட்டம் என்றால் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் சில நூறு பேர். ஒவ்வொருவருக்கும் அந்தக் காலத்து உடை, தலை அலங்காரம், நகை. கையில் பிளாஸ்டிக் வளையலோ காலில் ரப்பர் செருப்போ இருக்கக் கூடாது. தண்ணீரில் மரப்படகுகள். ஆகாயத்தில் மேகம் நகர்ந்து வெளிச்சம் மாறினால் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கும் சோறும் கூலியும் உண்டு.

இந்தக் கதையைப் படமாக்கும் ஆசை எத்தனை பேரைச் சுற்றவைத்தது என்பதும் இதைத்தான் சொல்கிறது. எம்.ஜி.ஆர். 1958-லேயே உரிமை வாங்கினார். பின்னாளில் பெரிய இயக்குநரான மகேந்திரன் அவருக்காகத் திரைக்கதை எழுதினார். படம் நடக்கவில்லை. எண்பதுகளின் இறுதியில் கமல்ஹாசனும் மணிரத்னமும் முயன்றார்கள். 2010-ஐ ஒட்டி மணிரத்னம் மறுபடி தொட்டுப் பார்த்து, செலவு கட்டாது என்று விட்டார். இடையில் கல்கியின் எழுத்துகளை அரசு நாட்டுடைமையாக்கியதால், தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து கதை மட்டும் யாருக்கும் காசில்லாமல் கிடைத்தது. கதையைக் கண்ணுக்குக் காட்டும் செலவுதான் அப்படியே நின்றது. 2015-லும் 2017-லும் வந்த ‘பாகுபலி’யின் இரண்டு பாகங்கள், பல மொழிச் சந்தைகளைச் சேர்த்துப் பிடித்தால் இந்தச் செலவைத் திருப்பி எடுக்கலாம் என்று காட்டின. 2019-ல் லைகா நிறுவனமும் மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸும் கைகோத்தன.

அந்த டிசம்பரில் தாய்லாந்துக் காடுகளில் படப்பிடிப்பு தொடங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. மறுபடி 2021 ஜனவரியில் ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி. பிறகு குவாலியர், ஓர்ச்சா, மகேஸ்வர் என்று வடக்கே போய் அந்தச் செப்டம்பரில் முடித்தார்கள். ஏறத்தாழ 150 நாள் படப்பிடிப்பில் இரண்டு பாகமும் சேர்த்து எடுக்கப்பட்டது.

“சோழர் கதைய எடுக்க வடக்க எதுக்கு மாமா போவணும்?”

இந்த வருத்தம் பலருக்கும் உண்டு. காரணம் நம் முன்னோர் கட்டிய முறையில் இருக்கிறது. தெய்வத்தின் வீட்டைக் கல்லில் கட்டினார்கள், அரசனின் வீட்டைச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். கோயில் நிற்கிறது, அரண்மனை மண்ணாகிவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் தோண்டியபோது கிடைத்தவை செங்கல் அடித்தளங்களும் கூரை ஓடுகளும்தான். கோயிலில் போய்ப் போர்க்காட்சி எடுக்க முடியாது. ஆகவே ஒன்று, தோட்டா தரணி போன்ற கலை இயக்குநர் முழு அரண்மனையையும் செட்டாகப் போட வேண்டும். அல்லது, நிற்கும் கோட்டை எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். அவர்கள் இரண்டையும் செய்தார்கள்.

இரண்டு பாகத்தை ஒன்றாக எடுத்ததில் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. போட்ட செட்டை ஒருமுறை பிரித்தால் மறுபடி போட இன்னொரு செலவு. பத்துப் பதினைந்து பெரிய நடிகர்களின் கால்ஷீட்டை மறுபடி ஒரே நாளில் சேர்ப்பது அதைவிடக் கஷ்டம். நியூஸிலாந்தில் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்று பாகத்தையும் சேர்த்து எடுத்ததும் இதே கணக்கில்தான். ஆனால் முதல் டிக்கெட் கிழிவதற்கு முன்னாலேயே இரண்டு படத்தின் செலவும் போய்விடும். நடுவில் ஊரடங்கு வந்தால் செட் வெயிலில் காயும், வாங்கிய பணத்துக்கு வட்டி ஓடும். வட்டிக்கு ஊரடங்கு கிடையாது.

இந்த இடத்தில் ஒரே ஒரு காலாளை மட்டும் கிட்டத்தில் நிறுத்திக் காட்டினேன். போஸ்டரில் அவன் ஒரு புள்ளி. அவனுக்கு ஒரு வேட்டி, அதுவும் மில் துணி போலப் பளபளக்காமல் கறை ஏற்றியது. இடுப்புக் கச்சை, தோல்வார், கைக்காப்பு, தலைப்பாகை. கிட்டத்தில் தெரிந்தால் உலோக வாள், தூரத்தில் நின்றால் ரப்பர் வாள், மோதும் காட்சிக்கு முனை மழுங்கியது. கேடயம், ஈட்டி. கழுத்தில் கயிறு, நெற்றியில் குறி, கன்னத்தில் வெட்டுத் தழும்பு. வாட்ச் கட்டி வெளுத்த மணிக்கட்டுக்கு நிறம் பூச வேண்டும். தடுப்பூசித் தழும்பையும் மறைக்க வேண்டும். இன்று வலது தோளில் ரத்தம் என்றால், பத்து நாள் கழித்து அதே காட்சியின் மீதியை எடுக்கும்போதும் ரத்தம் வலது தோளிலேயே இருக்க வேண்டும். அதைப் படம் பிடித்துக் குறித்துவைக்க ஓர் ஆள். காலை வெயிலில் ஷாட் என்றால், நள்ளிரவு தாண்டியதுமே மேக்கப் நாற்காலிகள் நிரம்பத் தொடங்கும். இதை ஐந்நூறால் பெருக்க வேண்டும். அந்த ஐந்நூறைக் கிராபிக்ஸில் பல்லாயிரமாக்கலாம். ஆனால் பெருக்குவதற்கு முன்னால் அந்த ஐந்நூறு பேர் உண்மையாக நிற்க வேண்டும்.

அந்த உடைக்கும் ஆயுதத்துக்கும் ஆதாரம் எங்கே கிடைக்கிறது? செப்புத் திருமேனிகளில், கோயில் சிற்பங்களில், நடுகற்களில். நடுகல் என்றதும் அவனுக்கு ஆவல் வந்தது. நம் மாவட்டம் நடுகற்களின் பூமி. ஊர் மாடுகளை மீட்கப் போய் விழுந்தவனுக்கு ஊர் எழுப்பிய கல். தருமபுரி அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களின் முன் நின்று பார்த்தால் கொண்டை முடிந்த விதமும், இடுப்புத் துணி நின்ற உயரமும், வில்லைப் பிடித்த கையும் தெரியும். அதியமான் ஆண்ட தகடூர் இது. பின்னால் நுளம்பர் ஆண்டார்கள். கதையின் நாயகன் அருள்மொழி, ராஜராஜனாகி வென்ற நாடுகளின் வரிசையில் நுளம்பபாடியும் இருக்கிறது. அவன் படை நடந்த மண்ணில் உட்கார்ந்துதான் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

காசு மட்டுமே விலை அல்ல என்பதையும் அவனிடம் மறைக்கவில்லை. ஹைதராபாத் படப்பிடிப்பில் 2021-ல் ஒரு குதிரை இறந்தது; போலீஸில் வழக்குப் பதிவானது. வாயில்லாச் சீவன் தன் களைப்பைச் சொல்லாது. எத்தனை கோடிப் படமானாலும், ஒரு குதிரைக்கு இளைப்பாறும் நேரம் தராமல் எடுத்த காட்சி எனக்கு அழகாகத் தெரியாது.

அடுத்து அவனுக்குத் தெரிந்த தொழிலுக்கே வந்தேன். பட்டுப்புழுவில் கடைசித் தீனிதான் பெரிய தீனி. அதுவரை கைப்பிடித் தழை தின்ற புழு, நாலாம் தோலுரித்த பிறகு கட்டுக் கட்டாகத் தின்னும். மொத்தத் தழையில் பெரும்பங்கு அந்த ஒரு வாரத்தில் போகும். ராத்திரி புழு வளர்ப்பு மனைக்குள் நின்றால் ஓலைக் கூரையில் தூறல் விழுவதுபோலச் சத்தம் கேட்கும். படத்துக்கும் அப்படித்தான். படப்பிடிப்பு முடிந்ததும் செலவு முடிந்ததென்று நினைப்போம். கிராபிக்ஸ், ஏ.ஆர். ரஹ்மானின் இசை, ஒலி வடிவமைப்பு, தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம் என ஐந்து மொழிக்கு டப்பிங், ஊர் ஊராக விளம்பரம். கடைசித் தீனி அப்போதுதான் தொடங்குகிறது.

பிறகு ஏலம். கூடு கட்டி முடித்ததும் அதிக நாள் வைத்திருக்க முடியாது. உள்ளே இருக்கும் பூச்சி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தால் இழை அறுந்துவிடும். படத்துக்கும் ஒரு பூச்சி உண்டு, அதன் பெயர் நாள். முதல் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் தியேட்டர் நிறைந்தால்தான் நான்காம் நாள் பேச்சு இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் வந்து திரையைக் கேட்கும். அதனால்தான் தேதிக்கு இவ்வளவு போட்டி. முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை வந்தது. அடுத்த வாரமே ஆயுத பூஜையும் விஜயதசமியும். இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28, அதுவும் வெள்ளி. திங்களன்று மே தின விடுமுறை. பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் காலண்டர் பார்த்துக் குறித்த நாட்கள்.

அந்தப் படம் நம் ஊருக்கு எப்படி வருகிறது? சினிமா வியாபாரத்தில் தமிழ்நாட்டை ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை, செங்கல்பட்டு, கோவை, மதுரை என்று போகும் வரிசையில் நாம் சேலம் ஏரியா. தருமபுரி 1965 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. ஜில்லா பிரிந்தும் சினிமாக்காரர்கள் நம்மைப் பிரிக்கவில்லை. விநியோகஸ்தர் ஏரியாவை எம்.ஜி. பேசி, அதாவது இவ்வளவு தொகை உறுதி என்று கொடுத்து வாங்கலாம். அல்லது அட்வான்ஸ் கொடுத்து வசூலில் கமிஷன் எடுத்துக்கொள்ளலாம். எம்.ஜி. என்றால் படம் ஓடாவிட்டால் நஷ்டம் அவர் தலையில்.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் ‘பெட்டி வந்துருச்சா?’ என்பதுதான் தியேட்டர் வாசலில் கேள்வி. ஃபிலிம் ரீல் பெட்டி பஸ்ஸில் வரும். இன்று படம் ஒரு கோப்பு. முன்கூட்டியே தியேட்டருக்கு வந்துவிடும், ஆனால் திறக்காது. கே.டி.எம். என்ற சாவி தனியாக வர வேண்டும். எந்தத் தியேட்டரின் எந்த இயந்திரம், எந்தத் தேதி எந்த மணியிலிருந்து எதுவரை என்பதெல்லாம் அந்தச் சாவியில் எழுதியிருக்கும். விநியோகஸ்தருக்குப் பணம் சேர்ந்து, அனுமதி கிடைத்தால்தான் சாவி வரும். ஊரே வாசலில் நிற்க, ஆபரேட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு சாவிக்காகக் காத்திருந்த காலைகள் உண்டு.

வசூல் கணக்கையும் பிரித்துச் சொன்னேன். செய்தியில் வரும் கோடி ‘கிராஸ்’, மக்கள் கொடுத்த மொத்தக் காசு. அதில் முதல் கை அரசுடையது. படம் வந்தபோது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அதன்மேல் உள்ளாட்சியின் கேளிக்கை வரி. மிச்சத்தில் தியேட்டருக்கு ஒரு பங்கு, விநியோகஸ்தருக்கு ஒரு பங்கு. பொதுவாக முதல் வாரத்தில் விநியோகஸ்தர் பங்கு பெரியது, வாரம் ஏற ஏறத் தியேட்டரின் பங்கு கூடும். இதெல்லாம் கழிந்து தயாரிப்பாளர் கைக்கு வருவதுதான் ஷேர். நீ விற்ற கூட்டின் விலையும் சேலைக் கடையில் பட்டின் விலையும் ஒன்றல்ல, அப்படித்தான் இதுவும் என்றேன். அவனுக்கு உடனே புரிந்தது. தியேட்டருக்கு வெளியே டி.வி. உரிமை, பாட்டு உரிமை, ஓ.டி.டி. உண்டு. முதல் பாகம் நவம்பர் 4-ஆம் தேதியே அமேசான் பிரைமுக்கு வந்துவிட்டது, சரியாக 35 நாளில்.

இத்தனைக்குப் பிறகு பலன்? முதல் பாகம் நான்கு தேசிய விருது பெற்றது. சிறந்த தமிழ்ப் படம், ரவிவர்மனுக்கு ஒளிப்பதிவு, ரஹ்மானுக்குப் பின்னணி இசை, ஆனந்த் கிருஷ்ணமூர்த்திக்கு ஒலி வடிவமைப்பு. எழுபது வருடக் கனவு திரைக்கு வந்தது. பாட்டிகள் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு தியேட்டருக்கு வந்தார்கள். சின்ன வயதில் பைண்டு புத்தகமாக மடியில் வைத்துப் படித்த கதை, கண்ணெதிரே குதிரையேறி வந்தது.

டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று சொன்னோம்.

“அப்போ காசெல்லாம் ஆளுங்களுக்குத்தான் போவுது” என்றான் அவன், தனக்குத்தானே.

ஆமாம். நடிகர்களுக்குப் பெரும் பங்கு போகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தையற்காரர், தச்சர், குதிரைக்காரர், லைட்மேன், சமையற்காரர், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மின்கம்பத்தை அழித்த பையன் என்று ஒவ்வொருவரின் ஒவ்வொரு நாளுக்கும் அந்தப் படத்தின் கணக்கில் ஒரு வரி உண்டு. சங்கங்கள் போராடி வாங்கிய வரி அது. மணிக்கணக்கு தாண்டினால் அதற்கும் பேட்டா. ஐந்நூறு கோடி என்று கேட்டு நாம் மலைக்கிறோம். உழைப்பை ஒன்றுவிடாமல் எழுதினால் எந்தக் கணக்கும் நாம் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் வரும்.

“உன் நோட்டுல ஒரு வரி கொறையுது மாப்ளே.”

எடுத்து மறுபடி பார்த்தான். “எல்லாம் போட்டிருக்கனே மாமா.”

“கடைசித் தீனி அன்னைக்கெல்லாம் ராத்திரி பத்து மணிக்கும், விடிகாலை நாலு மணிக்கும் எழுந்து தழை போட்டது யாரு?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பேனாவைத் திறந்து ‘அம்மா’ என்று எழுதினான். எதிரே எழுத வேண்டிய தொகைக்கு வந்ததும் கை நின்றது.

“எவ்ளோன்னு போடறது மாமா?”

“வெளியாள் வெச்சா என்ன குடுப்ப?”

விரல் விட்டு நாட்களை எண்ணினான், பகலைத் தனியாக, ராத்திரியைத் தனியாக. எழுதினான். வட்டத்துக்குள் இருந்த எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறொன்று எழுதினான். அது முன்னதைவிடச் சின்னது. அதைச் சுற்றி வட்டம் போடாமல் நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.